ஞானஸ்நானம்: விசுவாச அறிக்கை

கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்பவர் அதைச் சபையார் முன் வாய்விட்டு அறிவித்து, நீரில் மூழ்கியோ நீர் தெளிக்கப்பட்டோ பெறும் சடங்கு. கத்தோலிக்கர் இதைத் திருமுழுக்கு என்பர். நீருக்குள் போவது கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவதையும், எழுவது புதுவாழ்வையும் குறிக்கும் என்பது ரோமர் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் பவுல் தரும் விளக்கம்.

பகிரங்கம் என்பதன் எடையை 4ஆம் நூற்றாண்டு ரோமின் மாரியுஸ் விக்டோரினுஸ் காட்டுகிறார். புகழ்பெற்ற சொற்கலை ஆசிரியர். நகர மன்றத்தில் சிலை வைத்துப் போற்றப்பட்டவர். தாம் கிறிஸ்தவரே என்று நண்பர் சிம்பிளிசியானுஸிடம் தனிமையில் சொல்லிவந்தார். தேவாலயத்தில் காணும்வரை நம்பமாட்டேன் என்றார் நண்பர். பின்பு ஞானஸ்நானத்தின்போது விக்டோரினுஸ், விசுவாச அறிக்கையைத் தனியறையில் சொல்ல மூப்பர்கள் சலுகை அளித்தும் மறுத்து, மக்கள் முன்னே நின்று சொன்னார். அகஸ்டின் தம் 'அறிக்கைகள்' நூலின் 8ஆம் பகுதியில் இதை எழுதியுள்ளார்.

குழந்தை ஞானஸ்நானத்தில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அறிக்கையிடுவர்; பிள்ளை வளர்ந்தபின் திடப்படுத்தலில் தானே உறுதிசெய்யும். பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தேயினரும் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. சுயமாக முடிவெடுத்தவருக்கே ஞானஸ்நானம் என்ற கொள்கை 1525 ஜனவரியில் சூரிக்கில் வெடித்தது. அங்கே மறுஞானஸ்நானம் கொடுத்த குற்றத்துக்காக 1527இல் ஃபெலிக்ஸ் மான்ஸ் லிம்மாத் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். தண்ணீரையே தண்டனையாகத் தேர்ந்தது குரூரமான ஏளனம்.

தமிழ்நாட்டிலும் வளர்ந்தபின் தாமே முடிவெடுத்து ஞானஸ்நானம் பெற்றோர் உண்டு: வைணவக் குடும்பத்தில் பிறந்த, 'இரட்சணிய யாத்திரிகம்' காப்பியத்தின் ஆசிரியர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார்.