ஊமைப் படத்தில் காந்தியின் வீடு

நெல்லியடியில் நண்பரொருவர் வீட்டில் காந்தியின் ஊமைப் படத்துண்டுகள் சிலவற்றைப் பார்த்தோம். ஆச்சிரம முற்றத்தில் நடக்கிறார், இராட்டை சுற்றுகிறார். "ஏன் இப்படி ஓடுகிறார்?" என்று பிள்ளைகள் சிரித்தனர்.

காந்தி விரைந்து நடப்பவர்தான். ஆயினும் படத்திலுள்ள ஓட்டம் முழுவதும் அவருடையதல்ல. அக்காலக் கமெராக்கள் பலவும் கையாற் சுழற்றப்பட்டவை. செக்கனுக்கு 16 அல்லது 18 சட்டங்களே பெரும்பாலும் பதிவாயின. பேசும் படம் வந்தபின் இவ்வேகம் 24 ஆயிற்று. 16இற் பிடித்ததை 24இல் ஓட்டினால் மனிதர் ஒன்றரை மடங்கு விரைவார்.

இத்தகைய துண்டுகளை உலகெங்கும் தேடித் தொகுத்தவர் தமிழரான ஏ. கே. செட்டியார். 1937 ஒக்டோபர் 2ஆம் திகதி, நியூயோர்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் இவ்வெண்ணம் அவருக்கு உதித்தது. சுமார் 50,000 அடி சேர்த்து, 12,000 அடியாகச் சுருக்கி, 1940இல் தமிழ் விளக்கவுரையுடன் வெளியிட்டார். பெரும்பணி அது. ஆனால் ஊமைத் துண்டுக்குக் குரல் பின்னரே வருகிறது என்பதை நாம் மறக்கலாகாது. முற்றத்தில் கஸ்தூரிபா என்ன பேசினாரென்பதை எந்த விளக்கவுரையும் மீட்டுத் தராது.

1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியைக் கண்ட தலைமுறை மறைந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு எஞ்சியிருப்பது படமே. வேகத்தைத் திருத்தி, விளக்கவுரையைச் சற்று நிறுத்தி, அவர்களுக்கு அதைக் காட்டுவோம். ஓடும் கிழவர் மறைந்து, வீட்டில் நடமாடும் ஒரு மனிதர் தெரிவார்.