சூ ஹாங்: ஒரு கப்பல் மீளக் கட்டப்பட்ட வரலாறு

கடலோடிகளின் வரலாறு பெரும்பாலும் புறப்பட்ட நாளையும் கரைசேர்ந்த நாளையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. துறையிலே கிடந்து, பலகை மாற்றி, கலப்பற்று அடைத்து, பாய் தைத்துக் கழிந்த மாதங்கள் அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. நெடும்பயணம் ஒன்றின் உண்மையான தீர்மானங்கள் அம்மாதங்களிலேயே எடுக்கப்படுகின்றன என்பது எமது கருத்து. 1957 ஆம் ஆண்டில் சிலி நாட்டின் தல்காகுவானோ கடற்படைத் தளத்தில் மைல்ஸ் சிமீற்றன், பெறில் சிமீற்றன் என்னும் தம்பதியர் தம் பாய்க்கப்பலை மீளக் கட்டிய செய்தி இதற்குத் தக்க சான்றாகும்.

கப்பலின் பெயர் சூ ஹாங். 1938 இல் ஹொங்கொங்கிலே தேக்கு மரத்தினாற் கட்டப்பட்டது, இரு பாய்மரங்களையுடையது, நீளம் 46 அடி. குவான் யின் என்னும் கருணைத் தெய்வத்தின் காவலிற் செல்லும் ஓடத்தைச் சீனர் அப்பெயராற் குறிப்பர். அவலோகிதேஸ்வரரே சீனத்திற் பெண்ணுருக் கொண்டு குவான் யின் ஆயினார் என்பதைப் பௌத்த வரலாறு பயின்றோர் அறிவர்.

சிமீற்றன் தம்பதியர் பிறவிக் கடலோடிகள் அல்லர். மைல்ஸ் பிரித்தானிய இந்தியப் படையில் அதிகாரியாயிருந்தவர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் போரிட்டவர். பெறில் தனித்துப் பல நாடுகளை நடந்தும் குதிரையேறியும் கண்டவர். 1939 இல் இருவரும் இந்துகுஷ் மலைத்தொடரின் திரிச்மீர் சிகரத்தில் ஏற முயன்றபோது அவர்களுடன் சென்றவர், பின்னர் எவரெஸ்ற் சிகரத்தை வென்ற தென்சிங் நோர்கே ஆவார். போருக்குப் பின் இவர்கள் கனடாவின் பிரிற்றிஷ் கொலம்பியாவில், சோல்ற் ஸ்பிறிங் தீவில் ஒரு பண்ணையை வாங்கிக் குடியேறினர். அவர்களின் பணமோ இங்கிலாந்தில் இருந்தது. அக்காலப் பிரித்தானிய அரசின் நாணயக் கட்டுப்பாடுகள் அதனை வெளியே கொண்டு செல்ல இடந்தரவில்லை. இங்கிலாந்தில் ஒரு கப்பலை வாங்கி, அதிலேறிக் கனடா சென்று, அங்கே அதனை விற்றுவிடலாம் என அவர்கள் எண்ணினர். பாய்க்கப்பல் ஓட்டிய அனுபவம் அதுவரை இருவருக்கும் இருக்கவில்லை. 1951 அளவில் சூ ஹாங் அவர்கள் கைக்கு வந்தது இவ்வாறுதான். வீரகாவியம் போலப் பின்னாளிற் பேசப்பட்ட ஒரு வாழ்வு நாணயக் கட்டுப்பாட்டுச் சட்டமொன்றிலிருந்து தொடங்கியது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. கப்பலை அவர்கள் விற்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1956 டிசம்பரில், மெல்பேண் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் முடிந்த பின், அத்துறையிலிருந்து ஹோர்ண் முனை நோக்கிச் சூ ஹாங் புறப்பட்டது. தம்பதியருடன் ஜோன் கஸ்வெல் என்னும் இளைஞரும், ஒரு சீயப் பூனையும் சென்றனர். கஸ்வெல் தச்சுத் தொழில் கற்றவர்; திரெக்கா என்ற ஏறத்தாழ 20 அடிப் படகினைத் தம் கையாலேயே கட்டி, அதில் உலகைச் சுற்றப் புறப்பட்டவர்; நண்பர்களுக்காகத் தம் பயணத்தை இடைநிறுத்தி வந்தவர்.

1957 பெப்ரவரி 14 காலை. மகெல்லன் நீரிணைக்கு மேற்கே ஏறக்குறைய ஆயிரம் மைல் தூரம். புயலின் முன்னே, 60 பாக நீளமான தடித்த வடத்தைப் பின்னால் இழுத்தவண்ணம் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது; வேகத்தைத் தணித்துக் கப்பலை நேர்ப்படுத்த அக்காலத்தார் கைக்கொண்ட முறை அதுவே. சுக்கானைப் பிடித்திருந்தவர் பெறில். ஆடவர் இருவரும் உள்ளே இருந்தனர். செங்குத்தாக எழுந்த ஓர் அலை கப்பலைப் பின்புறமாகத் தூக்கித் தலைகீழாகப் புரட்டிற்று. பாய்மரங்கள் இரண்டும் முறிந்தன, சுக்கான் போயிற்று, மேற்றளத்தின்மீது எழுந்திருந்த சிறு அறை அடியோடு பெயர்ந்து, அவ்விடத்தில் ஆளிறங்கும் பெருந்துளை விழுந்தது. காப்புக் கயிறு அறுந்து கடலில் வீசப்பட்ட பெறில், காயத்தோடு நீந்தி, மிதந்த பாய்மரச் சிதைவைப் பற்றினார். அவரை மேலேற்றிய பின், நீர் நிறைந்த கப்பலை வாளிகளால் இறைக்கத் தொடங்கினர். தோளெலும்பு சிதைந்த நிலையிலும் பெறில் அவ்வரிசையில் நின்றார்.

கப்பலைக் காத்தது தச்சுக்கலை என்றே சொல்லவேண்டும். உள்ளறைப் பலகைகளையும் பாய்த்துணியையும் கொண்டு கஸ்வெல் துளைகளை மூடினார். எஞ்சிய மரத்துண்டுகளை இணைத்துச் சிறு பாய்மரமொன்றை நிறுத்தினார். திசைதிருப்பத் துடுப்பொன்றைச் செய்தார். மெல்பேணை விட்ட 87 ஆம் நாள் அவர்கள் சிலியின் கொறனல் துறையைச் சென்றடைந்தனர்.

இதன்பின் நிகழ்ந்ததே எமது ஆய்விற்கு உரியது. கப்பலைக் கிடந்தபடியே விற்றுவிட்டுத் திரும்புவது அறிவுடைமை என எவரும் கூறுவர். சிமீற்றன் தம்பதியரோ தல்காகுவானோவிலே, சிலிக் கடற்படையினரின் உதவியோடு, திருத்த வேலையைத் தொடங்கினர். வேலையின் ஒரு பகுதியை முடித்துக் கொடுத்த பின் கஸ்வெல் திரெக்காவை நாடிச் சென்றார். 1959 இல் அதிலே உலகைச் சுற்றி முடித்தார். மிகுதி வேலை தம்பதியர்க்கும் துறைமுகத் தொழிலாளர்க்கும் உரியதாயிற்று. சுக்கான், பாய்மரங்கள், மேற்றளம், அறை என யாவும் புதிதாக வேண்டியிருந்தன. இவற்றுள் முதன்மையான வினா அறையைப் பற்றியது. உயர்ந்த அறை ஒளியும் காற்றும் தரும், காவலிருப்போர்க்கு ஒதுங்கிடமாகும், ஆயினும் அலையின் முழு விசையையும் தாங்குவதும் அதுவே. அது பெயர்ந்தமையாற்றான் கப்பல் மூழ்கும் நிலையை அடைந்தது. புதிய அறை முன்னையதிலும் உறுதியாக அமைக்கப்பட்டது. கப்பலிற் குடும்பம் நடத்துவோர் வசதிக்கும் காவலுக்கும் இடையிற் செய்யவேண்டிய தெரிவு இதுவே. அத்தெரிவைக் கரையில் நின்றே செய்தாக வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் இருவர் மாத்திரமே, பூனையுடன், மீண்டும் ஹோர்ண் முனைக்குப் புறப்பட்டனர். டிசம்பர் 26 இல் மறுபடியும் புயல். முன்னைய அனுபவத்தை எண்ணி இம்முறை அலையின் முன்னே ஓடாமல், பாய்களை இறக்கிக் கப்பலைக் கடலின் போக்கில் விட்டிருந்தனர். அலையொன்று அதனைப் பக்கவாட்டில் முழுதாக உருட்டிற்று. பாய்மரங்கள் மீண்டும் போயின. எனினும் சேதம் முதன்முறையிலும் குறைவு; அவர்கள் தாமாகவே வல்பறைசோவை அடைந்தனர். அங்கிருந்து கப்பல் சரக்குக் கப்பலொன்றில் இங்கிலாந்துக்கு ஏற்றப்பட்டது.

இவ்விரு விபத்துகளும் கடலோடிகளிடையே நீண்ட விவாதத்தை எழுப்பின. ஓடினாலும் புரண்டது, நின்றாலும் புரண்டது. எனின் பிழை முறையிலா, கப்பலிலா, அக்கடலிலா? 1967 இல் வெளிவந்த அட்லாட் கோல்ஸின் கடும்புயற் பாய்ச்செலவு பற்றிய நூலும் இவற்றை ஆராய்ந்தது. சில அலைகளின் முன் எந்த முறையும் பயன்தராது என்பதே நாம் ஏற்கக்கூடிய விடை. அவ்வாறாயின், பயணி தன் கையிற் கொண்டிருப்பது கப்பலின் உறுதி ஒன்றே. தல்காகுவானோவில் அடித்த ஆணிகளின் பெறுமதி இரண்டாம் விபத்திலேதான் தெரிந்தது.

மற்றொன்றும் கூறவேண்டும். இச்செய்திகளுக்கு முதன்மைச் சான்று 1959 இல் மைல்ஸ் எழுதி, நெவில் சூற் முன்னுரை வழங்கிய நூலாகும். நூலாசிரியர் கணவர், அதிலே மிகுதியாகச் செயற்படுபவர் மனைவி. தம் அச்சத்தை மறையாது எழுதும் மைல்ஸின் நேர்மை பாராட்டற்குரியது. ஆயினும் அந்த டிசம்பரில் மறுபடி புறப்படுவதற்கு முன் பெறில் தம்முள் எண்ணியது யாது என்பதைக் கணவரின் எழுத்தினூடாக மட்டுமே நாம் காண்கின்றோம். கப்பற்றுறையில் உழைத்த சிலித் தொழிலாளரின் நிலையோ இதனினும் தொலைவானது. ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவருக்கு ஓர் அந்நிய நாட்டுக் கடற்படை கதவு திறந்தது போன்று, சாதாரண மீனவன் ஒருவனின் உடைந்த தோணிக்கும் திறந்திருக்குமா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

அந்நூலின் தலைப்பு, ஒருமுறையே போதும் என்னும் பொருளது. 1968 டிசம்பரில், பெறிலும் மைல்ஸும் அறுபது வயதைக் கடந்த நிலையில், பொப் நான்ஸ் என்பவரையும் துணைகொண்டு, சூ ஹாங் ஹோர்ண் முனையைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தது.