தசை விடுக்கும் தூது

உடற்பயிற்சி என்பது யாது என்ற வினாவுக்கு மருத்துவ மாமேதை இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தம் ‘அல்கானூன் ஃபித் திப்பு’ என்னும் பெருநூலில் தரும் விளக்கம் மிகச் சுருக்கமானது. அது மனிதன் தானே விரும்பிச் செய்யும் அசைவு. ஆழ்ந்தும் அடுத்தடுத்தும் மூச்சு வாங்கச் செய்யும் அசைவு. நலம் பேணும் முறைகளுள் பயிற்சி, உணவு, உறக்கம் என்ற மூன்றைச் சிறப்பித்து, அவற்றுள்ளும் பயிற்சியையே முதலில் வைத்தார். மற்போரையும் விரைந்த நடையையும் வில்வித்தையையும் எண்ணிய அப்பெருமகனார், மெல்லிய பயிற்சிகளில் ஊஞ்சலாடுவதைக் கூட விட்டுவிடவில்லை.

பயிற்சியால் நலம் விளைவது எங்ஙனம்? உணவின் எச்சங்கள் நாள்தோறும் உடலில் தேங்குகின்றன. அசைவு உடலின் இயல்பான வெப்பத்தைத் தூண்டி அவற்றைக் கரைத்து அகற்றுகிறது என்றார். இக்கருத்தின் பெரும்பகுதி யவன மருத்துவர் ஜாலீனூஸிடமிருந்து வந்ததாகும். இன்றைய விஞ்ஞானம் கண்டதனைத்தும் கானூனில் உண்டென நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவர். அது அம்மேதைக்குப் பெருமை சேர்ப்பதன்று. தசையும் ஒரு சுரப்பிபோல் இயங்கும் என்று அவர் எழுதவில்லை. பயனைக் கண்ணாரக் கண்டார். காரணத்தைத் தம் காலத்து அறிவு கொண்டு ஊகித்தார்.

12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட கானூன், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17ஆம் நூற்றாண்டு வரை பாடமாயிருந்தது. எனினும், பயிற்சியின் பயனை எண்ணிக்கை கொண்டு ஆராயும் முயற்சி வலுப்பெற 1953 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர், லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளை ஆய்வுக்களமாக்கிய முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவு. அவருடைய நேர்மை போற்றத்தக்கது. 1956இல் சீருடை அளவுகளை ஆராய்ந்து, ஓட்டுநரின் இடுப்புச் சுற்றளவு பெரிது என்பதைத் தாமே வெளியிட்டார். படிக்கட்டு மட்டுமே காரணமா, பருத்த உடலினரே ஓட்டுநராயினரா என்ற ஐயத்துக்கு அவரே கதவைத் திறந்துவைத்தார்!

உழைக்கும் தசை, தொலைவிலுள்ள கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் எவ்வாறு செய்தி சொல்கிறது? நரம்பு வழியாக மட்டுமன்று, குருதியில் கலக்கும் ஏதோவொரு பொருள் வழியாகவும் இருத்தல் வேண்டும் என்று 1961இல் கோல்ட்ஸ்டைன் என்னும் ஆய்வாளர் கருதினார். அப்பொருள்களுள் ஒன்று கைக்குக் கிட்டியது 2000ஆம் ஆண்டில். டென்மார்க்கின் கோபன்ஹேகனில், தொண்டர்களை ஒரு காலை மட்டும் ஐந்து மணி நேரம் நீட்டி மடக்கச் செய்து, அக்காலுக்குள் செல்லும் குருதியையும் அதிலிருந்து வெளிவரும் குருதியையும் ஒப்பிட்டனர். வெளிவந்த குருதியில் ‘இன்டர்லூக்கின்-6’ மிகுந்திருந்தது. அழற்சியோடு சேர்த்து அஞ்சப்பட்ட பொருள் அது! நாட்பட்ட அழற்சியில் ஓயாது நிலைத்திருப்பது ஒன்று. உழைக்கும்போது உயர்ந்து, ஓய்ந்தபின் தணிவது வேறொன்று. தசை விடுக்கும் இத்தகைய பொருள்களுக்கு அக்குழுவைச் சேர்ந்த பென்டே கிளார்லுண்ட் பெடர்சனும் தோழர்களும் 2003இல் ‘மயோகைன்’ என்று பெயரிட்டனர். தசை, அசைவு என்ற பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

2012இல் அமெரிக்காவில் ‘ஐரிசின்’ அறிவிக்கப்பட்டபோது, பயிற்சியை மாத்திரையாக விழுங்கிவிடலாம் என்ற ஆசை பிறந்தது. மனிதரில் அதன் அளவைப் பற்றியே ஆய்வாளர் பல்லாண்டு வாதிட்டனர்; மாத்திரை வரவில்லை.

நீரிழிவும் தொந்தியும் குடும்பச் சொத்தாகிவிட்ட நம்மவர் சற்று நின்று நோக்க வேண்டியது 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு. வயிற்றில் கொழுப்பு மிகுந்தோர் பன்னிரண்டு வாரம் மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். உள்வயிற்றுக் கொழுப்புக் குறைந்தது. அதே பயிற்சியைச் செய்த வேறு சிலருக்கு, இன்டர்லூக்கின்-6இன் செயலைத் தடுக்கும் மருந்தும் ஏற்றப்பட்டது. அவர்களும் வியர்க்க வியர்க்கத்தான் மிதித்தனர். உள்வயிற்றுக் கொழுப்பு மட்டும் குறையவில்லை.