லயத்துக் கதவும் சட்டமும்

நம் கியா பார்ம் பக்கத்து லயங்களில் இரவில் ஒரு பெண் அலறினால், "அது புருஷன் பெண்டாட்டி விவகாரம்" என்று கதவைச் சாத்தியவர்கள்தாம் நாம். படித்த ஆசிரியர்களாகிய நாமும் அப்படித்தான் இருந்தோம்.

இதை எதிர்த்து 1985 முதல் மகளிர் அமைப்புகள் தனிச்சட்டம் கேட்டுப் போராடின. மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறியது. ஆனால் 1996 ஜூன் முதல் தேதிதான் அமலுக்கு வந்தது. அதுவரை சட்டம் தூங்கியது!

தண்டனை குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. அயலாரை அடித்துக் காயப்படுத்தினால் 323-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 2000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். மனைவியை அடித்தால் 2007 முதல் சிறைக்காலம் இரு மடங்கு, அதாவது ஈராண்டு வரை. 2018 முதல் சமூகநல அதிகாரியே 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். அதற்கு முதலில் போலீசில் புகார் செய்திருக்க வேண்டும் என்பதில்லை.