விரலுக்குப் புதுப் பாடம்

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செங்கற்பட்டு வந்துவிடும். கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே போகிற நம்மில் பலருக்கு, பக்கத்தில் திருமணி என்று ஒரு சிற்றூர் இருப்பது தெரியாது. லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோயாளிகளுக்கான விடுதி ஒன்று அங்கே இருந்தது. 1955-ல் அதை மத்திய சர்க்கார் ஏற்று, ஆராய்ச்சி நிலையமாக்கியது. மனிதனுடைய கை எப்படி வேலை கற்றுக்கொள்கிறது என்பதைப் பற்றி நான் அறிந்த கதைகளில் சிறந்தது அந்த விடுதியில்தான் ஆரம்பமாகிறது.

1947-ஆம் ஆண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு ரண சிகிச்சை நிபுணராக இருந்தவர் பால் பிராண்ட். ஆங்கிலேயர்தான், ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல். தொழுநோய் நிபுணரான டாக்டர் காக்ரேன் அவரை அழைத்துப்போய் விடுதியைச் சுற்றிக் காட்டினார். காக்ரேனுடைய கவனம் தோலின்மேல்; பிராண்டின் கண்ணோ, கழுகின் நகம்போல் மடங்கிக் கிடந்த கைகளின் மேலேயே இருந்தது. ஒரு நோயாளியின் உள்ளங்கையில் தம் கையை வைத்து, அழுத்தச் சொன்னார். வலுவற்ற கை என்று நினைத்தவர், வலி தாங்காமல் கத்திவிட்டார்!

அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? இடக் கையால் உங்கள் வல முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே சதை புரள்வது தெரியும். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முன்கையில் இருந்துகொண்டு, நீண்ட நாண்களால் விரல்களைச் சுண்டி இழுக்கின்றன. பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னால் நிற்பதுபோலத்தான். நோய், முழங்கையிலும் மணிக்கட்டிலும் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளைக் கெடுக்கிறது. உள்ளங்கையின் சிறு தசைகள் செத்துப்போகின்றன. முன்கைத் தசைகளோ பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. அப்படியானால் உள்ளவரிடம் கடன் வாங்கி இல்லாதவருக்குக் கொடுத்தால் என்ன?

1948-ல் வேலூரில் அந்தச் சிகிச்சை தொடங்கியது. மோதிர விரலை மடக்க இரண்டு தசைகள் உண்டு. ஒன்று போதும் என்று, மற்றதன் நாணை எடுத்து நான்காகப் பிளந்து, நான்கு விரல்களிலும் சேர்த்துத் தைத்தார்கள். மூன்று வாரம்போல மாவுக்கட்டு. ரண வைத்தியரின் வேலை அதோடு சரி. கைக்கு உடையவரின் வேலை இனிமேல்தான்!

கட்டைப் பிரித்ததும், "விரலை நீட்டு" என்றால் ஒன்றும் நடக்காது. இடம் மாறிய தசைக்கு அந்தக் கட்டளை தெரியாது. அது வாழ்நாள் முழுவதும் மோதிர விரலை மடக்கியே வந்தது. ஆகவே நோயாளி மனத்துக்குள் மோதிர விரலை மடக்க வேண்டும். மடக்க நினைத்தால், கணுக்கள் மடிந்து நான்கு விரல்களும் நீளும்! மைசூருக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு மதுரையில் இறங்குகிற மாதிரி. நாள்தோறும் பழகப் பழக, குறுக்கு வழி ராஜபாட்டையாகிவிடும். பிறகு மோதிர விரலை நினைக்கவே வேண்டாம்.

நாம் எல்லோரும் ஒரு காலத்தில் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள்தாம். குழந்தை முதன்முதலாகத் தானே சாதம் சாப்பிடுவதைக் கவனியுங்கள். கால்வாசி வாயில், மீதி மூக்கிலும் மடியிலும். படித்ததை மறந்துவிட்டோம். பேனா பிடித்துப் பிழைப்பவன் நான். "அ" எழுத எந்தத் தசையை இழுக்கிறேன் என்று கேட்டால் விழிப்பேன். மூளைக்கு அசைவுதான் தெரியும், தசை தெரியாது என்று நரம்பு வைத்தியர்கள் சொல்வதுண்டு. என் விஷயத்தில் அது சத்தியம்.

குழந்தைக்கு இருந்த ஓர் உபாத்தியாயர் இந்த நோயாளிகளுக்கு இல்லை. அதுதான் உணர்ச்சி. சிகிச்சையால் அசைவு திரும்பியது. தொடு உணர்ச்சி திரும்பவில்லை. விரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று விரல் சொல்லாதபோது கண்தான் சொல்ல வேண்டும். ஒரு சமயம் துருப்பிடித்த பூட்டைப் பிராண்டினால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவ்வளவு பலமா என்று அவன் கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரிய வெட்டுண்டு ரத்தம் கொட்டுகிறது. பையனுக்குத் தெரியவே இல்லை. நோயினால் விரல் தானாக உதிர்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. இப்படித் தெரியாமல் பட்ட காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று பிராண்ட் கண்டுகொண்டார்.

இவ்வளவு பாடுபட்டுக் கையைச் சீராக்கி ஊருக்கு அனுப்பினால், சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்களாம். பிச்சை எடுக்க இந்தக் கை உதவாது! கோணல் கைக்கு விழுந்த காசு நேரான கைக்கு விழவில்லை. முகத்தில் நோயின் தழும்பு இருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. கதாசிரியன் கற்பனையில்கூட இப்படி ஒரு திருப்பத்தை வைக்கத் தயங்குவான். 1951-ல் கல்லூரி வளாகத்திலேயே புதுவாழ்வு நிலையம் என்று ஒன்றை ஏற்படுத்தி, அவர்களுக்கு மர வேலை கற்பித்தார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். எந்த உளியை எப்படிப் பிடித்தால் எங்கே கொப்புளம் வருகிறது என்று பார்த்து, பிடிகளை மாற்றினார்கள். பிறகு அன்றாட வழக்கம் ஒன்றும் ஏற்பட்டது. வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் கைகளை வெளிச்சத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தமக்குத் தெரியாமல் எங்கே காயம் பட்டிருக்கிறது என்று தேடிப் பார்ப்பார்கள்.