பதட்ட மாத்திரையை நிறுத்தக் கற்றுக்கொண்ட கதை

மக்களே, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நீங்களோ உங்க வீட்டுப் பெரியவங்களோ அல்ப்ரசோலம், குளோனாசெபம், லோராசெபம், டயசெபம் இதுல எதையாவது பல வாரமா, பல வருஷமா சாப்பிட்டு வந்தா, இந்த த்ரெட்டைப் படிச்சிட்டு இன்னைக்கு ராத்திரியே மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஏன் நிறுத்தக் கூடாதுங்கிறதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

1957. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நட்லி என்ற ஊர். அங்கே ரோச் கம்பெனியின் ஆய்வகத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் வேலை பார்த்தார். ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும்போது, முன்பு தயாரிச்சு சோதிக்காமலேயே விட்ட ஒரு படிகப் பொருளை அவரோட சக ஊழியர் எடுத்துக் காட்டினார். சரி, இதையும் அனுப்பிப் பார்ப்போம்னு விலங்குச் சோதனைக்கு அனுப்பினாங்க. விலங்குகள் சாந்தமாச்சு, ஆனா மயங்கி விழல.

அதுதான் 1960-ல லிப்ரியம் என்ற பெயரில் வந்தது. 1963-ல அதோட தம்பி வேலியம். நாம டயசெபம்னு சொல்றது இதைத்தான்.

அன்றைய டாக்டர்கள் இதைக் கொண்டாடியதில் தப்பே இல்ல. அதுக்கு முன்னாடி கையில் இருந்தது பார்பிச்சுரேட் வகை மாத்திரைகள். அளவு கொஞ்சம் கூடினா மூச்சே நின்னுடும். புது மாத்திரையை மட்டும் அதிகமா சாப்பிட்டு இறந்தவங்க ரொம்பக் குறைவு. (மதுவோடவோ, ஓபியாய்டு வலி மருந்துகளோடவோ சேர்ந்தா கதையே வேற, அதை மறந்துடாதீங்க.)

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். லிப்ரியம் சந்தைக்கு வந்த அடுத்த வருஷமே, 1961-ல, லியோ ஹோலிஸ்டர் என்ற அமெரிக்க டாக்டரும் அவரது குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மனநல மருத்துவமனையில் பல மாசமா லிப்ரியத்தை ரொம்ப அதிக அளவில் சாப்பிட்ட 11 பேருக்கு, அவங்களுக்குத் தெரியாம மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை மாத்திக் கொடுத்தாங்க. 11-ல 10 பேருக்குப் புதுசா தொந்தரவுகள் வந்தன. ரெண்டு பேருக்கு வலிப்பே வந்தது. அதுவும் அடுத்த நாள் இல்ல, ஒரு வாரம் கழிச்சு.

(இன்னைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இப்படி ஒரு ஆய்வுக்கு அனுமதி தராது.)

ஆக, திடீர்னு நிறுத்தினா ஆபத்துன்னு 1961-லயே தெரியும். ஆனா "அது அதிக டோஸ் ஆளுங்களுக்கு மட்டும்தான்"னு ஒதுக்கி வச்சுட்டாங்க. 1969-லிருந்து 1982 வரைக்கும் அமெரிக்காவில் அதிகமா எழுதப்பட்ட மருந்தே வேலியம்தான். 1978-ல மட்டும் விற்றது சுமார் 230 கோடி மாத்திரை.

1979-ல பார்பரா கார்டன் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் தன் கதையைப் புத்தகமா எழுதினார். வேலியத்தைத் தன் டாக்டர் சொன்னபடியே ஒரே அடியா நிறுத்தி, கடைசியில் மனநல மருத்துவமனையில் சேர வேண்டி வந்தவர் அவர். அதே வருஷம் அமெரிக்க செனட்டில் எட்வர்ட் கென்னடி தலைமையில் விசாரணையும் நடந்தது.

அப்போ பிரிட்டன் என்ன சொல்லுச்சு தெரியுமா? 1980-ல அங்கே அரசின் மருந்து ஆய்வுக் குழு ஒரு கணக்கு கொடுத்தது. 1960 முதல் 1977 வரை நாட்டிலேயே இந்த மாத்திரைகளைச் சார்ந்து போனவங்க 28 பேராம். இருபத்தெட்டே பேர்!

மறு வருஷமே லண்டனில் மால்கம் லேடரும் பெட்டர்சனும் சாதாரண டோஸில் நீண்ட நாள் சாப்பிட்ட 16 பேரிடம் மருந்தை நிறுத்திப் பார்த்தாங்க. 16 பேருக்கும் ஏதோ ஒரு அளவில் தொந்தரவு வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த அளவைத் தாண்டாம, ஒழுங்கா சாப்பிட்டவங்களுக்கே!

அப்புறம் எப்படி இத்தனை வருஷம் யாரும் கவனிக்கல? நிறுத்தினா வர்ற பதட்டமும் தூக்கமின்மையும் பழைய நோய் மாதிரியே இருக்கும். "பாருங்க, மருந்து இல்லாம உங்களால முடியல"ன்னு திரும்ப எழுதிக் கொடுத்துட்டாங்க. ஆனா முன்னாடி இல்லாத சிலது வரும். வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாது, தசை துடிக்கும், உடம்பில் ஊசி குத்தும். அதுதான் அடையாளம்.

காரணம் எளிது. மூளைக்கு ப்ரேக் மாதிரி இருக்கிற ரசாயனம் காபா. மாத்திரை அந்த ப்ரேக்கை இன்னும் அழுத்திக் கொடுக்கும். நாளாக ஆக, மூளை அதுக்கு ஈடுகட்டித் தன்னை மாத்திக்கும். திடீர்னு மாத்திரையை எடுத்தா, ப்ரேக் தளர்ந்த வண்டி இறக்கத்தில் நிக்கிற கதைதான்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடிச்ச ஆள் ஹெதர் ஆஷ்டன். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரையிலிருந்து வெளியே வர்றதுக்காகவே ஒரு கிளினிக் நடத்தினார். சுமார் 300 பேர். அந்த அம்மா செய்த பெரிய காரியம், நோயாளிகள் சொன்னதை நம்பினதுதான். உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் மாத்திரைகளை, மெதுவா வெளியேறும் டயசெபத்துக்கு மாத்துவார். அவர் கணக்குப்படி அல்ப்ரசோலம் 0.5 மி.கி. என்பது டயசெபம் 10 மி.கி.க்குச் சமம். (சின்ன மாத்திரைதானேன்னு நினைக்கிறவங்க இதை இன்னொரு தடவை படிங்க.) அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்கில் குறைப்பார். எவ்வளவு வேகம்னு முடிவு பண்றது நோயாளி. பெரும்பாலானவங்க வெளியே வந்தாங்க. 1999-ல அது ஒரு கையேடா வந்தது.

2 முதல் 4 வாரத்துக்கு மேல வேண்டாம்னு பிரிட்டன் 1988-ல சொன்னது. இந்த வகை மாத்திரைகள் எல்லாத்துக்கும் சார்புநிலை பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை அமெரிக்கா கட்டாயமாக்கியது 2020-ல. ஹோலிஸ்டர் சொல்லி 59 வருஷம்!

நம்ம நாட்டில் 2014 முதல் அல்ப்ரசோலம், டயசெபம் உள்ளிட்ட இந்த வகை மாத்திரைகள் சில ஹெச்-1 அட்டவணையில் இருக்கு. சீட்டு இல்லாம தரக் கூடாது, கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்கணும். ஆனா மூணு வருஷம் முன்னாடி எழுதின சீட்டையே காட்டி வாங்குறது நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, நிறுத்தணும்னா? இருக்கிற மாத்திரை, பழைய சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு டாக்டரைப் பாருங்க. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல ஓ.பி. இருக்கு. 2025-ல வந்த அமெரிக்க வழிகாட்டுதல்படி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை 5 முதல் 10 சதவீதம் குறைச்சு ஆரம்பிக்கலாம். ரெண்டு வாரத்தில் கால் பங்குக்கு மேல குறைக்கவே கூடாது. நீங்களா ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடாதீங்க. வலிப்பு வந்தவங்க, தினமும் குடிக்கிறவங்க, கர்ப்பிணிகள் வீட்டிலேயே முயற்சி பண்ணவே வேண்டாம். ஒரு ஆபரேஷனுக்காக ரெண்டு நாள் சாப்பிட்டவங்க பயப்படத் தேவையில்ல.

வீட்டில் இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு. "அம்மா மாத்திரைக்கு அடிமையாயிட்டாங்க"ன்னு அட்டையை ஒளிச்சு வைக்காதீங்க. அவங்க டாக்டர் சொன்னதைத்தான் சாப்பிட்டாங்க. அட்டையை அவங்க கையில் கொடுத்து, கூட வந்து ஓ.பி.யில் உக்காருங்க. உடனே யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம். வலிப்போ குழப்பமோ வந்தா போன் பேசிட்டு இருக்க வேண்டாம், நேரா 108.