முப்பது ரூபாய் குமாஸ்தாவின் கேள்விகள்

செங்கல்பட்டில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, எங்கள் தெருக் கணக்கு வாத்தியார் ஒருவர் பல ஊர் ஆசிரியர்களிடமிருந்து கடிதத்தில் வந்த கேள்விகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டார். தட்டச்சு என் பொறுப்பு. டைப்ரைட்டரில் வர்க்கமூலக் குறி கிடையாது. இடம் விட்டு அடித்து, பிறகு ஸ்டென்சிலில் கையால் வரைய வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழியும். பன்னிரண்டு பக்கத்தோடு வேலை நின்றுபோனது. வாத்தியாரும் இன்று இல்லை.

இதே வேலையை நம்மவர்கள் முன்பே பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். வி. ராமசுவாமி ஐயர் டெபுடி கலெக்டராக இருந்தவர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். கழகத்தின் இதழில் கேள்விப் பகுதி ஒன்று உண்டு. ஒரு வாசகர் கேட்பார், இன்னொருவர் விடை எழுதுவார். பிரான்சிலும் 1894 முதல் கேள்வி பதிலுக்கென்றே 'லான்தெர்மெதியேர்' என்று ஓர் இதழ் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு வர்க்கமூலமே 'ரசீன் காரே' என்றுதான் அறிமுகம்.

1911-இல் அந்தப் பகுதியில் 289-ஆம் கேள்வி வந்தது. வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும். மாதங்கள் கடந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கேட்டவரே அனுப்பினார். விடை 3. வழியைப் பாருங்கள்: 3 என்பது 9-இன் மூலம், 9 என்பது 1 + 2×4. அந்த 4 என்பது 16-இன் மூலம், 16 என்பது 1 + 3×5. இப்படியே போகலாம். கேட்டவர் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்த ராமானுஜன். மறு வருஷம் மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவானார், சம்பளம் முப்பது ரூபாய். நம் ஜாதி!

1913-இல் இன்னொரு கேள்வி கேட்டார். இரண்டின் அடுக்கு ஒன்றில் ஏழைக் கழித்தால் முழு வர்க்கம் வரும்படியான அடுக்குகள் 3, 4, 5, 7, 15, வேறு உண்டா? இல்லை என்று நார்வேக்காரர் நாகெல் 1948-இல் நிரூபித்தார். கேட்டவர் 1920-லேயே போய்விட்டார்.

1927-இல் ஹார்டி, சேஷு ஐயர், வில்சன் மூவரும் தொகுத்த ராமானுஜன் கட்டுரைகள் கேம்பிரிட்ஜில் வெளிவந்தன. ஐம்பதுக்கு மேற்பட்ட இதழ்க் கேள்விகளையும் விடாமல் சேர்த்தார்கள். எல்லாம் ஈய எழுத்து. அட்டையில் தொகுத்தவர்கள் பெயர் உண்டு, எழுத்துக் கோத்தவருக்கு அங்கே இடமில்லை. ஸ்டென்சிலோடு மல்லுக்கட்டியவனுக்கு அது உறுத்தத்தான் செய்யும். அவரோடு அதே பக்கங்களில் கேள்வி கேட்ட கல்லூரி ஆசிரியர்களுக்கும் அந்த நூலில் இடமில்லை. ஒருவருக்கான நூல், நியாயம்தான்.

தன் புத்தகத்தின் அச்சுப்படி அசிங்கமாக வந்ததைப் பார்த்து மனம் நொந்த டொனால்ட் நூத் 1977-இல் உருவாக்கத் தொடங்கியது 'டெக்'. அதில்தான் என் பேரன் இப்போது வாத்தியாரின் பன்னிரண்டு பக்கத்தையும் அடிக்கிறான். வர்க்கமூலம் ஒரு நொடியில் விழுகிறது. நான்காம் பக்கத்தில் ஓர் எண் அழிந்திருக்கிறது, 3-ஆ 8-ஆ என்று புரியவில்லை. இருவரும் இரண்டையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.